கணக்கு கம்பெனிக்கு, செலவு யாருக்கு?

பூமி சூடேறி வருகிறது என்பதை இன்று எந்த முதலாளியும் மறுக்கத் துணிவதில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து ஆகாயத்தில் கரியமில வாயுவை நிரப்பி வைத்தவர்களே இப்போது, "பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டு விட்டோம்" என்று பறை சாற்றுகிறார்கள். துணிக்கடைச் சீமான்கள் இதில் முன்வரிசையில் நிற்கிறார்கள். வாரத்துக்கொரு மோஸ்தர், மாதத்துக்கொரு நிறம் என்று துணியைக் குவித்து விற்கிற அதே கம்பெனிகள், கடை வாசலில் பச்சைப் பலகை மாட்டியிருக்கின்றன.

இவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று ஸ்வீடன் தேசத்து எச் அண்டு எம் கம்பெனி. 1947-ல் வெஸ்டெராஸ் என்ற ஊரில் ஒரே ஒரு பெண்கள் உடைக்கடையாகத் தொடங்கியது. இன்று அதற்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள். இந்தக் கம்பெனி உலகத்துக்கு ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறது. 2019-ல் தன் கணக்கில் வெளியான வாயுவின் அளவில் 56 சதவிகிதத்தை 2030-க்குள் குறைத்து விடுமாம்; 2040-க்குள் 90 சதவிகிதத்தைக் குறைத்து, மிச்சத்தையும் வேறு வழியில் ஈடுகட்டி 'நிகர பூஜ்யம்' என்ற நிலையை எட்டுமாம். நிலக்கரிக் கொதிகலன் வைத்திருக்கும் புதிய ஆலைகளுக்கு இனி ஆர்டர் தருவதில்லை என்று 2022-ல் விதி செய்தது. தனக்குச் சரக்கு தயாரித்துத் தரும் ஆலைகள் முதலிய இடங்களில் வெளியாகும் வாயு 2019-ஐ விட 24 சதவிகிதம் குறைந்து விட்டது என்று அதன் 2024-ம் வருஷ அறிக்கை கூறுகிறது.

இதை வெறும் பித்தலாட்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளி விடுவது சுலபம். ஆனால் அது சரியாகாது. நிலக்கரிக் கொதிகலன் ஒழிய வேண்டியதுதான். அதன் புகையை முதலில் விழுங்குபவன் பாய்லர் வீட்டில் நிற்கும் தொழிலாளி. அடுத்து விழுங்குவது ஆலைச் சுவரை ஒட்டிய குடிசை. பூமியின் சூட்டை வெட்டவெளியில் முதுகில் வாங்குபவன் விவசாயத் தொழிலாளி. புகை குறைய வேண்டும் என்பதில் நம்மை விட அக்கறை உள்ளவர்கள் வேறு யார் இருக்க முடியும்? ஆகவே, குறைக்க வேண்டுமா என்பது கேள்வியே இல்லை. யார் செலவில் குறைப்பது, யார் சம்மதத்தோடு குறைப்பது? இதுதான் கேள்வி.

யாருடைய புகை?

எச் அண்டு எம் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ஆலை கூடக் கிடையாது. கடை இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, கிடங்கு இருக்கிறது. பஞ்சு அடிப்பதும், நூல் நூற்பதும், துணி நெய்வதும், சாயம் போடுவதும், தைப்பதும் மற்றவர்கள். வங்காள தேசத்திலும், சீனாவிலும், இந்தியாவிலும், வியட்நாமிலும், கம்போடியாவிலும் உள்ள ஆலைகளுக்கு ஆர்டர் கொடுத்துச் சரக்கை வாங்கி விற்பதுதான் அதன் தொழில்.

கம்பெனியின் கணக்கில் வரும் வாயுவிலும் மிகப் பெரும் பகுதி கடை விளக்கிலிருந்து வருவதல்ல. இந்த ஆலைகளிலிருந்து வருகிறது. குறிப்பாகத் துணி தயாராகும் கட்டத்திலும், ஈரத் துணியைச் சாயத்தில் வேக வைத்து உலர்த்தும் கட்டத்திலும் வருகிறது. சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீராவி இல்லாமல் சாயம் ஏறாது. எரிபொருள் இல்லாமல் நீராவி இல்லை.

அப்படியானால் "நாங்கள் 56 சதவிகிதம் குறைப்போம்" என்ற வாக்கியத்தின் அர்த்தம் என்ன? டாக்காவில் உள்ளவன் கொதிகலனை மாற்ற வேண்டும். திருப்பூரில் உள்ளவன் சாய யந்திரத்தை மாற்ற வேண்டும். வியட்நாமில் உள்ளவன் கூரையில் சூரிய மின் தகடு போட வேண்டும். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு ஸ்டாக்ஹோமில் உள்ளவர் அறிக்கையில் ஒரு எண்ணைப் போட்டுக் கொள்வார். ஊர் ஜனங்கள் மண்வெட்டி எடுத்துக் குளம் தூர்த்தால், "நான் வெட்டிய குளம்" என்று கல்வெட்டு வைக்கும் மிராசுதாரை நாம் பார்த்ததில்லையா?

விலைப் பட்டியலில் இல்லாத வரி

புதுக் கொதிகலனுக்குப் பணம் வேண்டும். குறைந்த தண்ணீரில் சாயமேற்றும் யந்திரத்துக்குப் பணம் வேண்டும். கம்பெனி சில ஆலைகளின் மாற்றத்துக்கு நிதி கொடுக்கிறது. வங்கியோடு சேர்ந்து கடன் வசதியும் செய்து தருகிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடன் என்பது கடன்தான். அசலும் வட்டியும் கட்டியாக வேண்டும். எதிலிருந்து கட்டுவது?

தைத்துக் கொடுக்கும் ஆலைக்காரன் தன் விலையைத் தானே நிர்ணயிக்க முடியாது. ஆர்டர் கொடுப்பவன் பத்து ஆலைகளின் விலைகளை அடுக்கி வைத்துக் குறைந்த விலையைப் பிடிக்கிறான். இங்கே ஒரு பனியனுக்கு நாலணா அதிகம் கேட்டால் ஆர்டர் எத்தியோப்பியாவுக்குப் போகும், கம்போடியாவுக்குப் போகும். நூல் விலை ஆலைக்காரன் கையில் இல்லை. மின்சாரக் கட்டணம் அவன் கையில் இல்லை. வங்கி வட்டியும் அவன் கையில் இல்லை. மீதி இருப்பது ஒன்றே ஒன்று: தொழிலாளியின் கூலி.

பீஸ் ரேட்டில் கை வைப்பான். ஒரு மணி நேரத்துக்கு எண்பது உருப்படி என்பதை நூறாக்குவான். பத்துப் பேர் செய்த வேலைக்கு எட்டுப் பேரை நிறுத்துவான். நிரந்தரத் தொழிலாளியை வெளியே அனுப்பி விட்டு, காண்ட்ராக்டர் மூலம் வடநாட்டிலிருந்து வந்த பையனை நிறுத்துவான். கொதிகலன் செலவு இப்படித்தான் தொழிலாளியின் சம்பளக் கவரில் வந்து இறங்கும்.

56 சதவிகிதம் என்ற இலக்குக்கு வருஷம் உண்டு, அளவு உண்டு. அந்தச் செலவுக்காக உருப்படி ஒன்றுக்கு எவ்வளவு விலை கூட்டித் தரப்படும் என்ற வரி மட்டும் அந்த இலக்கில் இல்லை. முக்கியமான வரியே அதுதான்!

நொய்யல் சொல்லும் பாடம்

இது கற்பனை என்று யாராவது சொன்னால் அவர்கள் நொய்யல் ஆற்றங்கரைக்கு வரட்டும். திருப்பூரின் பனியனும் சட்டையும் சீமைக்குப் போயின. சாயக் கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறியது. கீழ்ப் பாசன விவசாயிகளின் வயலும் கிணறும் கெட்டன. அவர்கள் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீர் ஒரு சொட்டுக் கூட வெளியே போகாதபடி சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றாயிற்று.

தீர்ப்பு நியாயமானது. விவசாயியின் நிலத்தை நாசமாக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் யார்? பட்டறைகள் மூடிய மாதங்களில் ஆயிரக்கணக்கான சாயத் தொழிலாளர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். சர்க்கார் ஜனங்களின் வரிப் பணத்திலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைக்காரர்கள் சுத்திகரிப்பு நிலையங்களுக்காகக் கடனாளியானார்கள். சிறு பட்டறைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. அந்த மலிவுத் துணியை வருஷக்கணக்கில் வாங்கி விற்று லாபம் பார்த்த வெளிநாட்டு வியாபாரிகளை எந்தக் கோர்ட்டும் கூண்டில் ஏற்றவில்லை. எந்தத் தீர்ப்பிலும் அவர்கள் பெயர் இல்லை.

விவசாயியையும் சாயத் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தி விட்டு, உண்மையான வியாபாரி கடலுக்கு அப்பால் கை கழுவிக் கொண்டான். நேற்று தண்ணீரில் நடந்தது நாளை புகையில் நடக்கக் கூடாது.

பழைய வாக்குறுதி ஒன்று

எச் அண்டு எம் கம்பெனி வருஷம் குறித்து வாக்குறுதி கொடுப்பது இது முதல் தடவையல்ல. 2013-ல் ஒரு திட்டத்தை வெளியிட்டது. தனக்குச் சரக்கு தயாரிக்கும் ஆலைகளில் சுமார் 8,50,000 தொழிலாளர்கள் 2018-க்குள் வாழ்க்கைக்குப் போதுமான கூலி பெறுவதற்கு வழி செய்யப்படும் என்றது. பத்திரிகைகள் பாராட்டின.

2018-ம் வந்தது. கூலி வரவில்லை. தொழிலாளர் உரிமை அமைப்புகள் பல நாடுகளில் தொழிலாளிகளை நேரில் கண்டு விசாரித்து, வாக்குறுதி காற்றில் போய்விட்டதை எடுத்துக் காட்டின. கம்பெனியோ, பேச்சு வார்த்தை முறையை ஏற்படுத்தினோம், சம்பள நிர்வாக முறையை ஏற்படுத்தினோம் என்று பதில் சொன்னது. முறை வந்தது, கூலி வரவில்லை! முறையைக் கொண்டு போய் ரேஷன் கடையில் அரிசி வாங்க முடியுமா?

வங்காள தேசத்தில் 2023-ல் நடந்ததைப் பாருங்கள். அப்போது தையல் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 8,000 டாக்கா. விலைவாசி விஷமாய் ஏறியிருந்தது. சங்கங்கள் 23,000 டாக்கா கேட்டன. தொழிலாளர்கள் வீதியில் இறங்கினார்கள். போலீஸ் பாய்ந்தது, தொழிலாளர் நால்வர் உயிர் இழந்தனர். முடிவில் கிடைத்தது 12,500 டாக்கா. இந்தப் போராட்டத்துக்குப் பின்தான், கூலி உயர்வுக்கு ஏற்பக் கொள்முதல் விலையைக் கூட்டித் தருவதாக எச் அண்டு எம் உட்படப் பல கம்பெனிகள் அறிவித்தன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. விலையைக் கூட்ட முடியாது என்பது பொய். கூட்ட முடியும். தொழிலாளி தானாகக் கேட்டால்தான் கூட்டுவார்கள்.

பச்சைச் சீட்டின் கதை

இந்தக் கம்பெனி தன் துணிகள் சிலவற்றுக்குப் 'பொறுப்புள்ள தேர்வு' என்ற அர்த்தத்தில் பச்சைச் சீட்டு ஒட்டி விற்றது. எந்த விதத்தில் பொறுப்பு என்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2019-ல் நார்வே நாட்டு நுகர்வோர் அதிகாரிகள் கண்டித்தனர். 2022-ல் ஹாலந்து நாட்டு அதிகாரிகள் விசாரித்ததும், அந்தச் சீட்டுகளை மாற்றவோ நீக்கவோ கம்பெனி ஒப்புக் கொண்டு, 5 லட்சம் யூரோ நன்கொடை கொடுத்து விவகாரத்தை முடித்துக் கொண்டது.

பருத்திக்கும் சான்றிதழ் உண்டு. ஆனால் 2024-ல் எர்த்சைட் என்ற பிரிட்டிஷ் அமைப்பு வெளியிட்ட விசாரணை அறிக்கை என்ன கூறியது? பிரேசில் நாட்டின் பாஹியா மாகாணத்தில் காட்டை அழித்ததாகவும், கிராம ஜனங்களின் நிலத்தை அபகரித்ததாகவும் குற்றம் சாட்டப்பட்ட பெரும் பண்ணைகளின் பருத்தி, சான்றிதழோடு ஆசிய ஆலைகளுக்கு வந்து, எச் அண்டு எம், ஜாரா கடைகளுக்கான துணியாயிற்று என்றது. காகிதத்தில் நல்ல பருத்தி, வயலில் நிலப்பறிப்பு!

மற்றொரு உண்மையும் உண்டு. 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகத்தில் துணி உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. ஜனங்கள் இரண்டு மடங்காகி விட்டார்களா? இல்லை. வாங்கிய துணியை அணியும் நாள் குறைந்தது. 2018 தொடக்கத்தில் எச் அண்டு எம் கிடங்குகளிலும் கடைகளிலும் விற்காமல் கிடந்த சரக்கின் மதிப்பு 430 கோடி டாலர் என்று அதன் கணக்கிலேயே வந்தது. அந்தத் துணிக்காக விளைந்த பருத்தியும், எரிந்த கரியும், விழித்த இரவு ஷிப்டும் வீண்தானே? விற்காத துணிக்கும் தொழிலாளி வியர்வை சிந்தியிருக்கிறான்.

வெப்பம் யார் தலையில்?

கம்பெனி அளப்பது கொதிகலன் புகையை. இஸ்திரி மேஜையின் சூட்டை அளப்பவர் யார்? தகரக் கூரைக்குக் கீழே, நீராவிக்கு நடுவே, தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டி வரும், போனால் உற்பத்திக் கணக்கு குறையும் என்று தாகத்தை அடக்கிக் கொண்டு நிற்கும் பெண்ணின் உடம்புச் சூடு எந்த அறிக்கையில் வருகிறது?

2024 ஏப்ரலில் வங்காள தேசத்தில் வெயில் தாங்காமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தையல் ஆலைகளுக்கு அந்த விடுமுறை இல்லை. வங்காள தேசம், கம்போடியா, பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளிலும் வெப்பத்தாலும் வெள்ளத்தாலும் 2030-க்குள் ஆடை ஏற்றுமதி வருமானத்தில் 6,500 கோடி டாலர் குறையும், வரவேண்டிய வேலைகளில் சுமார் 10 லட்சம் வராமற் போகும் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் கணக்கிட்டார்கள்.

வயலில் நிற்பவர் நிலைமை இதை விட மோசம். 2030-ல் உலகில் வெப்பத்தால் வீணாகும் வேலை நேரத்தில் 60 சதவிகிதம் விவசாயத்தில்தான் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-ல் கூறியது. 2022-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பருத்தி வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. செடியோடு பருத்தி எடுப்பவளின் கூலியும் மூழ்கியது. அவளுக்கு நஷ்ட ஈடு எந்தக் கடைச் சீட்டில் எழுதியிருக்கிறது?

கையெழுத்துக்குத்தான் மதிப்பு

அப்படியானால் வழி என்ன? வழி இருக்கிறது. தொழிலாளர்கள் அதை ஏற்கெனவே கண்டு பிடித்திருக்கிறார்கள். மிகப் பெரிய விலை கொடுத்துக் கண்டு பிடித்தார்கள்.

2013 ஏப்ரல் 24-ம் தேதி டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அதற்கு முன்னும் கம்பெனிகளிடம் பாதுகாப்பு வாக்குறுதிகள் இருந்தன, இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள், சான்றிதழ்கள் இருந்தன. அவை ஒரு தூணைக் கூடத் தாங்கவில்லை. பின்னர் சங்கங்கள் போராடி, கம்பெனிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கின. முதலில் கையெழுத்திட்டவர்களில் எச் அண்டு எம் கம்பெனியும் ஒன்று. 1,600-க்கும் அதிகமான ஆலைகள் பரிசோதிக்கப்பட்டன. அந்த ஒப்பந்தத்தின் இரண்டு ஷரத்துகளை நாம் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்று, ஆலையைப் பாதுகாப்பாக வைத்துக் கொள்ளக் கட்டுப்படியாகும் விதத்தில் கம்பெனி வியாபார நிபந்தனைகளைப் பேச வேண்டும். இரண்டு, பழுது பார்க்க ஆலையை மூடினால் ஆறு மாதம் வரை தொழிலாளியின் வேலையும் வருமானமும் நிற்கக் கூடாது.

நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளரின் தொல்லையை மாதக்கணக்கில் சகித்து வந்தார் என்று குடும்பத்தாரும் சக தொழிலாளரும் கூறினர். அந்த ஆலை எச் அண்டு எம் கம்பெனிக்குச் சரக்குத் தயாரித்தது. பெண் தொழிலாளரே பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. ஆலை தவறினால் கம்பெனி வியாபார ரீதியில் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்று எழுத்தில் வந்தது. தளத்தைக் கண்காணிக்கத் தொழிலாளிகளே பயிற்சி பெற்றார்கள்.

கட்டடப் பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட முடிந்தது. பெண்களின் பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட முடிந்தது. பூமியின் பாதுகாப்புக்கு மட்டும் ஏன் கையெழுத்தில்லாத வாக்குறுதி போதும் என்கிறார்கள்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. கொதிகலன், யந்திரம், மின் தகடு மாற்றும் செலவைக் கொள்முதல் விலையில் சேர்த்துத் தர வேண்டும். மாற்றச் சொல்லும் கம்பெனி அந்த ஆலைக்குப் பல வருஷ ஆர்டருக்கு உத்தரவாதம் தர வேண்டும்.

2. மாற்றத்தின் பேரில் ஆட்குறைப்பும் வேலைப்பளு ஏற்றமும் கூடாது. ஆலை நின்றால் சம்பளம் நிற்கக் கூடாது. பாய்லர் வீட்டுத் தொழிலாளிக்குப் புது வேலைக்கான பயிற்சியைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும்.

3. வேலைத் தளத்தின் வெப்பத்துக்கு உச்ச வரம்பு வேண்டும். அதைத் தாண்டினால் கூலி வெட்டில்லாத ஓய்வும், குடிதண்ணீரும், காற்றோட்டமும் வேண்டும். பருத்தி வயலுக்கும் இதே விதி வேண்டும்.

4. எந்த ஆலையில் எவ்வளவு குறைந்தது, அதற்கு யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கணக்கைத் தொழிலாளியின் பாஷையில் ஆலை வாசலில் ஒட்ட வேண்டும்.

5. இவ்வளவும் சங்கத்தோடு செய்யும், சட்டப்படி செல்லும் ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் கம்பெனியால் முடியாத காரியமல்ல. 1,134 உயிர்களுக்குப் பிறகு முடிந்தது. திண்டுக்கல்லில் ஓர் உயிருக்குப் பிறகு முடிந்தது. இன்னொரு சாவு வரும் வரை காத்திருக்க வேண்டுமா? வெப்பம் ஒரே நாளில் கட்டடம் போல் இடிந்து விழாது. இங்கே ஒருத்தி மயங்கி விழுவாள், அங்கே ஒருவன் களத்து மேட்டில் சாய்வான்; பத்திரிகையில் கூட வராது. ஆகவே சங்கக் கூட்டங்களில், கூலிப் பேச்சு வார்த்தைகளில், போனசோடும் பஞ்சப்படியோடும் இந்தக் கோரிக்கையையும் சேர்த்து வைக்க வேண்டும்.

2030-க்கு அதிக வருஷம் இல்லை. கம்பெனியின் அறிக்கையில் அன்று ஒரு எண் ஏறும். அந்த எண் நம் கூலியைத் தின்று ஏறியதா, கம்பெனியின் லாபத்திலிருந்து ஏறியதா என்பதைத் தீர்மானிக்கும் காலம் இதுதான். புகை குறையட்டும், கூலி குறையக் கூடாது!